தேடக் கற்றுத்தராமல் ஆய்வேடு கேட்காதீர்கள்: கல்விப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்விப் பேரவை உறுப்பினர்களுக்கு,

ஆய்வு மாணவர்களின் பாடத்திட்டத்திலிருந்து முன் ஆய்வுகளைத் தேடும் செய்முறை வகுப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பதிவு செய்த ஒரு வீடியோவை வைக்கப் போவதாக உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. ஓய்வு பெற்ற துறை நூலகரின் பணியிடம் நிரப்பப்படாது என்றும் அதிலேயே இருக்கிறது. நூலகத்தின் முகப்புப் பக்கத்தில் இனி ஒரே ஒரு தேடல் பெட்டியும், கேட்ட கேள்விக்குப் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியும் மட்டும் இருக்கும். ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி வைத்திருக்கும் தரவுத்தளங்களின் பட்டியல் உள்ளே எங்கோ ஒரு பக்கத்துக்குப் போய்விடும். மூன்றுக்கும் நீங்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: இன்றைய மாணவர்களுக்குத் தேடத் தெரியும்.

இதை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. முதியோர் நலம் சார்ந்த ஆய்வுகளுக்கு நெறியாளராக இருக்கிறேன். பிற பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் ஆய்வேடுகளையும் மதிப்பிடுகிறேன். எதையாவது தட்டிப் பத்துக் கட்டுரைகளை எடுக்க மாணவர்களுக்குத் தெரியும் என்பது உண்மை. ஒரு கேள்வியைப் பற்றி உலகம் இதுவரை என்ன கண்டறிந்திருக்கிறது என்று பொறுப்போடு தேடிச் சொல்வது வேறு வேலை. கைப்பேசி பழகியவர்களுக்கு அது தானாக வந்துவிடாது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். இத்தனை காலம் அதைச் செய்துவந்த வகுப்பையும் ஆளையும் ஒரே கையெழுத்தில் எடுத்துவிட்டீர்கள்.

கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் விளங்கும் என்பதால் ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் மாணவர்கள் அடிக்கடி எடுக்கும் தலைப்பு, முதியவர்கள் தவறி விழுவதை எப்படித் தடுப்பது என்பது. பயிற்சி இல்லாமல் வருகிற மாணவர் ஆய்வுத் தலைப்பை முழு ஆங்கில வாக்கியமாக அப்படியே பெட்டியில் போடுவார். ஆயிரக்கணக்கில் முடிவுகள் வரும். முதல் ஓரிரு பக்கங்களைப் பார்த்து, தலைப்பு ஒத்துப்போகிறவற்றை இறக்கிக்கொள்வார். லிட்ரேச்சர் ரிவ்யூ, அதாவது முன் ஆய்வுகளின் மீள்பார்வை, முடிந்துவிட்டது என்று நினைப்பார்.

அந்தத் தேடலுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். விழுவதைக் குறிக்கும் ‘ஃபால்’ என்ற சொல் ரத்த அழுத்தம் இறங்குவதையும் குறிக்கும், இலையுதிர் காலத்தையும் குறிக்கும். சரி, சொல்லின் எல்லா வடிவங்களும் கிடைக்கட்டும் என்று அதன் பின்னால் நட்சத்திரக் குறி போட்டால், ஃபலோப்பியன் குழாய் பற்றிய மகப்பேற்றுக் கட்டுரைகளும், ஃபாலோ என்ற மருத்துவர் பெயரால் வழங்கும் பிறவி இதயக் குறைபாடு பற்றிய கட்டுரைகளும் சேர்ந்து வந்து குவியும். ஆங்கிலத்தில் அந்த இரண்டுமே அதே நான்கு எழுத்துகளில்தான் தொடங்குகின்றன. வேண்டாதவை வருவது பெரிய கேடு இல்லை, கண்ணில் பட்டால் தள்ளிவிடலாம். வேண்டியவை வராமல் போவதுதான் கேடு. முதியவர்களைக் குறிக்க மாணவர் ‘எல்டர்லி’ என்று போட்டிருப்பார். அந்தச் சொல் முதியவர்களைத் தாழ்த்துவதாக இருக்கிறது என்று பல இதழ்கள் அதைத் தவிர்க்கச் சொல்லி, ‘ஓல்டர் அடல்ட்ஸ்’ என்று எழுதச் சொல்கின்றன. ஆகவே ‘எல்டர்லி’ என்று மட்டும் தேடுபவருக்குப் பழைய கட்டுரைகள் தூக்கலாகவும் புதியவை குறைவாகவும் வரும். தன் தேடல் காலத்தால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

இதற்காகத்தான் பாடப்பொருள் தலைப்புகள், அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் நிலையாக வைத்த ஒரே பெயர், இருக்கின்றன. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960-இல் தொடங்கிய ‘மெஷ்’ என்ற சொற்பட்டியலில், இந்தப் பொருளுக்கு ‘ஆக்சிடென்டல் ஃபால்ஸ்’ என்று ஒரு தலைப்பு உண்டு. கட்டுரையாளர் எந்தச் சொல்லில் எழுதியிருந்தாலும், விழுவது பற்றிய கட்டுரை என்றால் அந்தத் தலைப்பின் கீழ் வந்துவிடும். ஆனால் அதையும் கண்மூடி நம்ப முடியாது. அந்த நூலகம் நடத்தும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் இருக்கும் எல்லாக் கட்டுரைகளுக்கும் மெஷ் தலைப்பு கிடையாது. புதிதாகச் சேர்ந்தவை சில காலம் தலைப்பில்லாமல் இருக்கும். 2022 முதல் தலைப்பு சூட்டும் வேலையைப் பெரும்பாலும் கணினியே செய்கிறது, அதில் வழுக்கள் நேரும். ஆகவே தலைப்பையும் போட வேண்டும், சாதாரணச் சொற்களையும் போட வேண்டும், இரண்டையும், ஏதாவது ஒன்று இருந்தாலும் போதும் என்று சொல்லும் ‘ஆர்’ கொண்டு இணைக்க வேண்டும். அப்புறம் வயது சார்ந்த சொற்களைத் தனியாக ஒரு கூட்டமாகச் சேர்த்து, இரு கூட்டங்களையும், இரண்டும் இருக்க வேண்டும் என்று சொல்லும் ‘ஆண்ட்’ கொண்டு கட்ட வேண்டும்.

இதே கேள்வியை எம்பேஸ் என்ற இன்னொரு மருத்துவத் தரவுத்தளத்துக்குக் கொண்டுபோனால் அங்கே சொற்பட்டியல் வேறு. தலைப்பு ‘ஃபாலிங்’ என்று இருக்கும். செவிலியர் ஆய்வுகள் நிறைந்த சினால் என்ற தரவுத்தளத்தில் மறுபடி வேறு ஏற்பாடு. ஒரு தரவுத்தளத்தில் எழுதிய தேடல் வரியை இன்னொன்றில் அப்படியே ஒட்டினால் பாதி வேலை செய்யும், பாதி செய்யாது. எது செய்யவில்லை என்று திரை சொல்லாது.

பப்மெட்டில் இன்னொன்று. சாதாரணமாக ‘ஹார்ட் அட்டாக்’ என்று தட்டினால், அது மாரடைப்பின் மருத்துவப் பெயரையும் தானே சேர்த்துக்கொண்டு தேடும். துல்லியமாகத் தேடுவதாக நினைத்து இரட்டை மேற்கோள் குறி போட்டீர்களானால் அந்த உதவி நின்றுபோகும். நட்சத்திரக் குறி போட்டாலும் நிற்கும். கவனமான மாணவர்தான் மேற்கோள் குறி போடுகிறார், கவனத்துக்குத் தண்டனையாகக் கட்டுரைகளை இழக்கிறார். ‘நாட்’ என்பது இதைவிடப் பொல்லாதது. குழந்தைகள் வேண்டாம் என்று ‘நாட்’ போட்டால், குழந்தைகளையும் முதியவர்களையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரைகளும் ஓடிப்போகும். இலவசமாக முழுக் கட்டுரை கிடைப்பவை மட்டும் போதும் என்று பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தை டிக் செய்கிறார்களே, அது எத்தனை ஆய்வேடுகளைக் கெடுத்திருக்கும் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது. எந்த இதழ் பணம் கேட்கிறது என்பதை வைத்து, எது ஆதாரம் என்று முடிவாகிறது.

இந்த விஷயத்தில் நெறியாளர்களும் சேர்ந்துதான் கெடுக்கிறோம். கடைசி 5 ஆண்டுக் கட்டுரைகள் மட்டும் போதும் என்ற வழக்கம் நம் துறைகளில் விதி போலவே இருக்கிறது. முதியவர் நாற்காலியிலிருந்து எழுந்து, நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று பார்க்கும் சோதனையை இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். அதை விவரித்த கட்டுரை 1991-இல் வந்தது. சமூகத்தில் வாழும் முதியவர்கள் விழுவதற்கான காரணங்களை ஓராண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்த மேரி டினெட்டி குழுவினரின் கட்டுரை 1988-இல் வந்தது. 5 ஆண்டு வடிகட்டியைப் போட்டால் இந்தத் துறையின் அடித்தளமே முடிவுகளிலிருந்து மறைந்துவிடும். தலைப்பைப் பொறுத்து ஆண்டு வரம்பு வைக்கலாம், ஆனால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணத்தைக் கேட்கும் இடமாகத்தான் அந்தச் செய்முறை வகுப்பு இருந்தது.

இதையெல்லாம் வீடியோவில் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று வீடியோவில் காட்டலாம்தான். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் அதற்கே உரிய பொறிகள் இருக்கின்றன. ‘ஃபால்’ என்ற சொல்லின் சிக்கல் மண்வளம் ஆராயும் மாணவருக்கு வராது, அவருக்கு வேறொன்று வரும். கல்வியியல் மாணவருக்கு ஈரிக் தரவுத்தளத்தின் சொற்பட்டியல் வேண்டும், பொறியியல் மாணவருக்கு அது பயன்படாது. தன் சொந்தக் கேள்வியோடு உட்கார்ந்து, ஒரு வரியை எழுதி, வந்த முடிவுகளைப் பார்த்து, ஏன் இது வந்தது, ஏன் அது வரவில்லை என்று கேட்டு, மறுபடி எழுதிப் பார்க்கும்போதுதான் இந்தப் பயிற்சி மனதில் நிற்கும். எங்கள் நூலகர் ஒரு சோதனை சொல்லித்தருவார்: உன் தலைப்பில் கட்டாயம் வர வேண்டும் என்று உனக்கு முன்பே தெரிந்த சில கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொள், உன் தேடல் வரி அவற்றைப் பிடிக்கிறதா என்று பார், ஒன்று நழுவினாலும் அதன் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து, எந்தச் சொல்லை விட்டாய் என்று கண்டுபிடி. எளிய வேலை. ஆனால் யாரும் சொல்லித்தராமல் அதைத் தானாகச் செய்த மாணவரை நான் பார்த்ததில்லை.

தேடலின் இயல்பே இதற்குக் காரணம். கிடைத்தது கண்ணுக்குத் தெரியும், தவறியது தெரியாது. எந்தத் தரவுத்தளமும் இத்தனை முக்கியக் கட்டுரைகளை நீ இழந்துவிட்டாய் என்று அறிவிப்பு காட்டுவதில்லை. அதனால் மோசமாகத் தேடியவருக்கும் நன்றாகத் தேடிய நிறைவு கிடைக்கிறது. 1985-இல் டேவிட் பிளேர், எம். ஈ. மேரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். ஒரு விபத்து வழக்குக்காகச் சுமார் 40,000 ஆவணங்கள், ஏறத்தாழ 3,50,000 பக்கங்கள் கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. வழக்கறிஞர்கள் தங்களுக்குத் தேவையானவற்றில் குறைந்தது 75 விழுக்காடாவது கிடைத்துவிட வேண்டும் என்று சொல்லித் தேடச் செய்தார்கள், கிடைத்துவிட்டது என்றும் நம்பினார்கள். உண்மையில் கிடைத்தது சுமார் 20 விழுக்காடு. காரணம் தேடல் கருவியின் பழுது அல்ல. அவர்கள் விபத்து என்று தேடினார்கள். ஆவணங்களை எழுதியவர்களில் பலர் அதை நிகழ்வு என்றும் நிலைமை என்றும் பிரச்சினை என்றும் எழுதி வைத்திருந்தார்கள். படித்தவர்கள், தங்கள் வழக்கை நன்கு அறிந்தவர்கள், தேடலைப் பல தடவை திருத்தியவர்கள். அவர்களுக்கே இந்தக் கதி என்றால், முதல் ஆண்டு ஆய்வு மாணவருக்குத் தேடத் தெரியும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

தவறிப்போவதால் என்ன ஆகிவிடும் என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. 2001-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஆய்வு ஒன்றுக்காக, உடல்நலத்தோடு இருந்த 24 வயது பெண் ஒருவர் தன்னார்வலராக ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பொருளை உள்ளிழுத்தார். நுரையீரல் பாதிக்கப்பட்டு ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார். அந்தப் பொருளுக்கும் நுரையீரல் பாதிப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சொன்ன கட்டுரைகள் 1950-களிலேயே வந்திருந்தன. ஆய்வாளர் பப்மெட்டில் தேடியிருந்தார். அன்று அதில் 1966-க்குப் பிந்தையவைதான் இருந்தன. அந்த மரணத்துக்குத் தேடல் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை, விசாரணையில் வேறு குறைகளும் வெளிவந்தன. ஆனால் தான் பயன்படுத்தும் தரவுத்தளம் எந்த ஆண்டில் தொடங்குகிறது என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்று அதற்குப் பிறகு யாரும் சந்தேகப்படக் கூடாது.

இன்னொன்று, சத்தமில்லாமல் நடந்தது. அறுவை சிகிச்சையின்போது ரத்தம் ஏற்றும் தேவையைக் குறைக்குமா என்று அப்ரோட்டினின் என்ற மருந்தை 1987 முதல் 2002 வரை 64 சோதனைகளில் பரிசோதித்தார்கள். 2005-இல் எல்லாவற்றையும் வரிசையாகக் கூட்டிப் பார்த்தபோது, 1992 ஜூனில் வெளிவந்த 12-ஆவது சோதனையிலேயே அந்தக் கேள்விக்கு விடை உறுதியாகிவிட்டது தெரிந்தது. மீதி 52 சோதனைகளும் விடை தெரிந்த கேள்வியைத் திரும்பக் கேட்டவை. முன்னால் நடந்த சோதனைகளில் சராசரியாக 20 விழுக்காட்டைத்தான் பின்னால் வந்தவர்கள் குறிப்பிட்டிருந்தார்கள். அவற்றிலேயே மிகப் பெரிய சோதனையைக்கூடப் பெரும்பாலோர் குறிப்பிடவில்லை. (அந்த மருந்தின் பாதுகாப்பு குறித்துப் பின்னர் எழுந்த கேள்விகள் வேறு விஷயம்.) அந்த 52 சோதனைகளிலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அந்த மருந்து கொடுக்கப்படாத பிரிவில் நோயாளிகள் இருந்தார்கள். ஆய்வாளர்கள் முன்னோர் செய்ததைத் தேடிப் பார்க்காததற்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

இப்போது அந்த ஒற்றைத் தேடல் பெட்டிக்கு வருகிறேன். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு தலைப்பை முதன்முதலாக மோந்து பார்க்க அது நல்ல வசதி. ஆனால் பல தரவுத்தளங்களை ஒரே பெட்டியில் சேர்க்கும்போது ஒவ்வொன்றின் சொற்பட்டியலும் பயனில்லாமல் போகிறது. எதை முதலில் காட்டுவது என்று கருவி தீர்மானிக்கிறது, எதை வைத்துத் தீர்மானித்தது என்று சொல்வதில்லை. ஆய்வுக் கட்டுரைகளுக்கான கூகுளின் தேடுபொறியான கூகுள் ஸ்காலருக்கும் இதே நிலைதான். கட்டுரையின் முழு உரைக்குள் தேடுவதிலும், ஒரு கட்டுரையைப் பின்னாளில் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று காட்டுவதிலும் அது அருமையான கருவி. மேற்கோள் வழியே முன்னும் பின்னும் போவது எவ்வளவு பயனுள்ளது என்பதை யூஜின் கார்ஃபீல்ட் 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையைக் கொண்டுவந்த நாள் முதல் ஆய்வுலகம் அறியும். முன் ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் சிக்கலான ஒரு மீளாய்வில், சேர்த்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் இப்படி மேற்கோள் வழியே போய்க் கண்டவை என்றும், முன்கூட்டித் திட்டமிட்ட தேடலில் கிடைத்தவை 30 விழுக்காடுதான் என்றும் 2005-இல் ஒரு குழு எழுதியது. ஆக ஸ்காலர் வேண்டும். ஆனால் லட்சம் முடிவுகள் இருப்பதாகச் சொன்னாலும் அது 1,000-க்கு மேல் காட்டாது. நீளமான தேடல் வரியை ஏற்காது. இன்று செய்த தேடலை நாளை இன்னொருவர் செய்தால் அதே வரிசை வரும் என்ற உறுதி இல்லை. எந்தக் கருவி எதற்கு என்று தெரிந்தவருக்கு எல்லாமே உதவும், தெரியாதவருக்கு முதலில் கண்ணில் படுவதுதான் உலகம். உங்கள் சுற்றறிக்கை அந்த முதலில் கண்ணில் படுவதை ஒன்றாகச் சுருக்கிவிட்டது.

செயற்கை நுண்ணறிவுக் கருவி பற்றி எனக்கு இன்னும் அதிகக் கவலை. ஒரு பொருளுக்கு வேறு என்ன சொற்கள் இருக்கலாம் என்று அதைக் கேட்கலாம், நல்ல யோசனைகள் தரும். ஆனால் இத்தகைய கருவிகள் இல்லாத கட்டுரையை இருப்பதாக எழுதும். ஆசிரியர் பெயரும் இதழும் பக்க எண்ணும் கச்சிதமாகப் போட்டு எழுதும். 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இப்படி ஒரு கருவி கொடுத்த, நடக்கவே நடக்காத வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி, 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். நான் மதிப்பிட வந்த ஆய்வேடுகளிலும் உலகில் எங்குமே இல்லாத கட்டுரைகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் கேட்டால் அந்த மாணவர் முகம் வெளிறிப்போகிறது. ஏமாற்ற நினைத்த பிள்ளைகள் அல்ல இவர்கள். சரிபார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாத, எங்கே போய்ச் சரிபார்ப்பது என்று யாரும் காட்டாத பிள்ளைகள். அவர்களைத் தேர்வறையில் குற்றவாளியாக நிறுத்தும் முன், நாம் என்ன கற்றுத்தந்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

துறை நூலகர் பணியிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் என்ற எண்ணத்தில்தான் இந்த முடிவு எடுக்கப்பட்டதோ என்று தோன்றுகிறது. முறையான மீளாய்வுகளில் தேடல் வல்லுநரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று, அத்தகைய மீளாய்வுகளைச் செய்யும் காக்ரேன் அமைப்பின் கையேடு சொல்கிறது. ஒருவர் எழுதிய தேடல் வரியை இன்னொரு வல்லுநர் சரிபார்ப்பதற்கென்றே ‘பிரெஸ்’ என்ற வழிகாட்டி 2015-இல் புதுப்பிக்கப்பட்டது. மீளாய்வை எப்படி எழுதி வெளியிட வேண்டும் என்று சொல்லும் ‘பிரிஸ்மா 2020’ நெறிமுறை, ஒவ்வொரு தரவுத்தளத்திலும் பயன்படுத்திய முழுத் தேடல் வரியையும், போட்ட வடிகட்டிகளையும் அப்படியே வெளியிடச் சொல்கிறது. 2021-இல் வந்த ‘பிரிஸ்மா-எஸ்’ தேடலை மட்டுமே பற்றி 16 அம்சங்களைக் கேட்கிறது. நம் மாணவர்கள் கட்டுரை அனுப்பும் இதழ்கள் இவற்றைக் கேட்கின்றன. அவற்றை நிறைவேற்ற உதவக்கூடிய ஒரே ஆளை நாம் இழக்கிறோம்.

செலவு என்று சொல்வீர்கள். எம்பேஸுக்கும், பல துறைக் கட்டுரைகளைக் கொண்ட ஸ்கோப்பஸ் தரவுத்தளத்துக்கும் சந்தா கட்ட வேண்டும் என்பது சரி. ஆனால் பப்மெட் 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். ஈரிக் இலவசம். 2022-இல் தொடங்கிய, எல்லாத் துறைக் கட்டுரைகளின் விவரங்களையும் திரட்டும் ஓப்பன்அலெக்ஸ் இலவசம். நல்ல தேடலுக்கு வேண்டிய கருவிகளில் பல காசில்லாமலே கிடைக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் ஆள்தான் இலவசமாகக் கிடைப்பதில்லை. நீங்கள் மிச்சம் பிடித்திருப்பது அந்த ஆளின் சம்பளத்தை. முன்பே விடை கிடைத்துவிட்ட கேள்விக்கு ஒரு மாணவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து, கடைசியில் மதிப்பீட்டாளர் அதைச் சொல்லித் திருப்பி அனுப்பும்போது வீணாகும் உதவித்தொகையும் இளமையும் உங்கள் கணக்கில் வந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே பேரவையிடம் நான் கேட்பவை இவை.

செய்முறை வகுப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அது தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்னால் நடக்க வேண்டும், மாணவர் தன் சொந்தக் கேள்வியோடு கணினி முன் உட்கார வேண்டும். வீடியோ துணைக்கு இருக்கட்டும், வகுப்புக்குப் பதிலாக வேண்டாம். புதிதாக நெறியாளர் ஆகிறவர்களுக்கும் இந்த வகுப்பைக் கட்டாயமாக்குங்கள். எங்களில் பலருக்கும் இது தேவை என்பதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

துறை நூலகர் பணியிடத்தை, தேடலில் பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு நிரப்புங்கள். ஆய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருமுன், மாணவரின் தேடல் வரியை அவர் பார்த்துக் கருத்து எழுதித்தரும் ஏற்பாடு வேண்டும்.

ஒவ்வொரு ஆய்வேட்டிலும் தேடல் பதிவு ஒரு பின்னிணைப்பாக இருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். எந்தத் தரவுத்தளம், அது எந்த ஆண்டு முதல் கட்டுரைகளைக் கொண்டது, எந்த நாளில் தேடியது, எழுதிய வரி எழுத்து மாறாமல், போட்ட வடிகட்டிகள், அவற்றுக்கான காரணம், வந்த எண்ணிக்கை: இவ்வளவு போதும். மதிப்பீட்டாளர் அந்த வரியைத் தானே போட்டுப் பார்க்க முடிய வேண்டும். காரணம் எழுதாத 5 ஆண்டு வரம்பையும், இலவசக் கட்டுரைகள் மட்டும் என்ற வடிகட்டியையும் ஏற்க வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். சொற்களைத் திரட்ட உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது தரும் எந்தக் கட்டுரையையும் மூலத்தில் திறந்து பார்க்காமல் மேற்கோள் பட்டியலில் சேர்க்கக் கூடாது. பயன்படுத்தியிருந்தால் தேடல் பதிவில் அதையும் குறிக்க வேண்டும். தரவுத்தளங்களின் பட்டியலை, எது எந்தத் துறைக்கு என்ற ஓரிரு வரி விளக்கத்தோடு, நூலகத்தின் முகப்புப் பக்கத்திலேயே திரும்ப வையுங்கள். இனி எந்தச் சந்தாவை நிறுத்துவதானாலும் அந்தத் துறையின் மாணவர்களையும் நெறியாளர்களையும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

இந்த மடலைப் பேரவையின் அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்த்து, அதுவரை சுற்றறிக்கையை நிறுத்தி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்துக்கு ஒரு கணினியோடு வந்து, நம் மாணவர் ஒருவரின் கேள்வியை உங்கள் ஒற்றைப் பெட்டியிலும் பப்மெட்டிலும் உங்கள் கண்முன்னே தேடிக் காட்ட நான் தயார். கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்று எழுத்துபூர்வமாகப் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
முதியோர் நல ஆய்வு நெறியாளர் ஒருவர்